ஒரு மூச்சு நேரம்

கடைசி நாளும் வந்தே விட்டது. டீச்சருக்கு அதில் துளியும் சந்தோஷம் இல்லை.

குழந்தைகள் வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. பாலர் வகுப்பில் அவளும் மகாராஜாவும் மட்டும். அவர் வழக்கம்போல ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் இரண்டும் மோவாயை இடித்தன. பஸ் முதலாளிகளையே வாசலில் நிற்க வைத்துப் பேசுகிற மனுஷன், முதுகில் முயல் படம் போட்ட மஞ்சள் நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார். பட்டறை ஆட்கள் பார்த்தால் அன்றைக்கு வேலை நடந்த மாதிரிதான்.

டீச்சருக்கும் சிரிப்பு வரத்தான் செய்தது. ஆனால் இது சிரிக்கிற நாளா?

"தங்கச்சி எப்ப வர்றாங்க சார்?"

"மத்தியானம்." கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு மெல்ல இருமினார். "காலைல இருந்து தொண்டை அரிக்குது டீச்சர். பலமா இருமவும் பயமா இருக்கு. அதையும் கத்தினதா சேர்த்துக்குவான் தம்பி."

விடாமல் படித்து வருகிறவர்களுக்கு இந்தப் பயம் புரியும். இன்றைக்குத்தான் இந்தப் பக்கத்தைப் புரட்டியவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடலாம். பள்ளிக்கூடத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் பஸ்ஸுக்குக் கூடு கட்டுகிற பட்டறை. அப்பா காலமான பின் மூன்று பிள்ளைகளுக்கும் சமபங்கு. சாவிக்கொத்து மட்டும் மூத்தவரான மகாராஜாவிடம். அவர் போட்ட சத்தத்தில் நல்ல நல்ல வெல்டர்கள் எல்லாம் ஒவ்வொருவராக வேறு பட்டறைக்குக் கம்பி நீட்டினார்கள். பெண் பார்க்கப் போன இடங்களில்கூட, வாசலில் டிரைவரை அவர் அதட்டிய அதட்டலைக் கேட்டே ஜாதகம் திரும்பி வந்ததாக ஊரில் பேச்சு. மகாராஜா என்ற பெயர் சும்மா வரவில்லை.

கடைசியில் வெளியூரில் இருக்கும் தங்கை வந்து ஒரே போடாகப் போட்டாள். ஒரு மாதம் கத்தாமல் பட்டறையை நடத்திக் காட்டினால் சாவி அண்ணனிடமே இருக்கும். ஒரே ஒரு சத்தம் வந்தாலும் தம்பிக்குப் போய்விடும்.

டீச்சர் இதில் மாட்டிக்கொண்டதுதான் வேடிக்கை. மத்தியானம் தூங்குகிற குழந்தைகள் அவர் சத்தத்தில் அலறி எழுந்திருக்கின்றன என்று அவள் அதே நாளில் பட்டறை வாசலில் சண்டைக்குப் போனாள். சண்டையைக்கூட அவள் மெல்லிய குரலில்தான் போட்டாள். அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்பதற்காக மகாராஜா இரும்பு தேய்க்கிற கிரைண்டர்களை எல்லாம் நிறுத்தச் சொன்னார். மொத்தப் பட்டறையும் மூச்சுவிடாமல் நின்றதைப் பார்த்த தங்கை, "அண்ணா, உனக்கு வாத்தியார் கிடைச்சாச்சு" என்றாள். அதிலிருந்து தினமும் காலையில் பாடம். அன்று பிடித்தது சனி. சனி என்று டீச்சர் சொன்னது முதல் வாரத்தில். இப்போது கேட்டால் பேச்சை மாற்றுவாள்.

"பாடம் எல்லாம் முடிஞ்சுது சார். புதுசா சொல்ல ஒண்ணும் இல்ல. இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்கிட்டா போதும்."

"பொறுத்துக்கறது இல்ல டீச்சர் இப்ப." அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தூரத்துல நின்னாதான் கத்தத் தோணும், கிட்டப் போங்கன்னு சொன்னீங்க இல்ல? நேத்து ஒரு வெல்டர்கிட்டப் போனேன். கூப்பிட்டா திரும்பவே மாட்டான். திமிர்னு நினைச்சு வருஷக்கணக்கா திட்டியிருக்கேன். கிட்டப் போய் நின்னப்பதான் தெரிஞ்சுது. அவனுக்கு ஒரு காது கேக்காது."

டீச்சர் மேஜை மேல் இருந்த சாக்பீஸ்களை எடுத்துத் தேவையில்லாமல் அடுக்கினாள். 

"நாளைக்கு..." என்று ஆரம்பித்தார் அவர்.

"நாளைக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல." விருட்டென்று எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது. இடுப்பில் கவ்விக்கொண்டு வர மாட்டேன் என்றது. டீச்சர் இரண்டு கையாலும் பிடித்து இழுக்க, அது ஒருவழியாகக் கழன்று வந்தது. அவர் முகம் காது வரைக்கும் சிவந்திருந்தது. டீச்சரின் முகம் எப்படி இருந்தது என்பதைச் சொல்ல அங்கே கண்ணாடி இல்லை.

மத்தியானத் தூக்கம் முடிந்து குழந்தைகளை அவரவர் அம்மாக்களிடம் ஒப்படைத்ததும் டீச்சர் நேராகப் பட்டறைக்குப் போனாள். கூப்பிட்டவர் யாரும் இல்லை. வகுப்பில் உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

தங்கை வந்துவிட்டிருந்தாள். ஆபீஸ் படிக்கட்டில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தம்பி குழைந்துகொண்டிருந்தான். அண்ணன் தொண்டையால் பிழைத்தார் என்றால் தம்பி செல்போனால் பிழைத்தான். காதிலிருந்து அதை எடுத்து யாரும் பார்த்ததில்லை.

"வாங்க டீச்சர்" என்று தங்கை நகர்ந்து இடம் கொடுத்தாள். "இதுவரைக்கும் ஒரு சத்தம் இல்ல. எனக்கே நம்ப முடியல."

"இன்னும் சாயந்தரம் ஆகலையே அக்கா" என்றான் தம்பி, சிரித்துக்கொண்டே.

அந்தச் சிரிப்பு டீச்சருக்குப் பிடிக்கவில்லை. இப்படிச் சிரிக்கிற பிள்ளையை அவளுக்குத் தெரியும். பக்கத்துப் பையனின் பென்சிலை ஒளித்து வைத்திருக்கும்.

ஒளித்து வைத்தது என்ன என்பது சீக்கிரமே தெரிந்தது. வேலை முடியும் தறுவாயில் இருந்த ஒரு பஸ்ஸுக்குள் மகாராஜா ஏறினார். ஏறியவர் அப்படியே நின்றுவிட்டார். ஒரு வரிசை சீட் முழுக்கப் பின்பக்கம் பார்த்துப் பொருத்தப்பட்டிருந்தது. யாரோ வேண்டுமென்றே மாட்டச் சொல்லாமல் இப்படி நடக்காது. யார் சொன்னது என்பதும் பட்டறைக்கே தெரியும். சீட் பொருத்துகிற ஆள் கையில் ஸ்பானரோடு சுவரோடு சுவராக ஒட்டினான்.

மகாராஜாவின் கழுத்து நரம்பு புடைத்தது. டீச்சர் தன்னை அறியாமல் எழுந்து நின்றாள். இங்கே சுத்தியல் நின்றது, அங்கே வெல்டிங் நின்றது. எல்லாரும் வெடிக்கப் போகிற வெடியைப் பார்க்கிற மாதிரி பஸ்ஸைப் பார்த்தார்கள்.

அவர் அந்த ஆள் பக்கத்தில் போனார். அவன் தோளில் கை வைத்தார்.

"ஏம்பா, இதுல உட்கார்றவன் பின் சீட்டுக்காரனோட குடும்பக் கதை பூரா கேட்டுட்டுத்தான் இறங்குவான். பாவம், கழட்டித் திருப்பி மாட்டிடு."

ஒரு கணம் ஒருவருக்கும் விளங்கவில்லை. அப்புறம் எங்கோ ஒருவன் களுக்கென்று சிரிக்க, பட்டறையே சிரித்தது. மேஸ்திரி முதுகைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் வகுப்பில் முதல் தடவையாக ஒரு குழந்தை தன் செருப்பைத் தானே சரியாக மாட்டிக்கொள்ளும்போது வருமே, அந்தப் பெருமை. அதோடு வேறொன்றும் இருந்தது. அதற்குச் செருப்பு உதாரணம் சரிப்படாது.

சிரிக்காதவன் தம்பி ஒருவன்தான். அவன் முகத்தை அப்போதுதான் டீச்சர் சரியாகப் பார்த்தாள். பென்சில் திருடிய முகம் இல்லை அது. சின்ன வயதிலிருந்து பத்துப் பேர் நடுவில் அண்ணனிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட முகம். யாரோ ஒரு சீட் பொருத்துகிறவனுக்குக் கிடைத்த கை தன் தோளுக்கு ஒரு நாளும் கிடைக்கவில்லையே என்று அது பார்த்துக்கொண்டிருந்தது.

"வேலை நடக்கட்டும்!" என்று தம்பி படியிறங்கினான். "மேஸ்திரி, அந்த வண்டிக்குக் கூரை ஏத்தணும். பார்ட்டி வந்துட்டே இருக்காங்க."

கூரை என்றால் தகடு இல்லை. இரும்புச் சட்டங்களை வளைத்து, பஸ் நீளத்துக்கு ஒட்டவைத்த கூடு. அதை முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என இரண்டு பட்டை போட்டுக் கட்டி, உத்தரத்திலிருந்து தொங்கும் சங்கிலியில் மாட்டி மெல்ல மேலே இழுப்பார்கள்.

"இன்னொரு பட்டை வேற வண்டியில மாட்டியிருக்கு தம்பி" என்றார் மேஸ்திரி. "அது வரட்டும்."

"நடுவுல ஒண்ணு போதும். தூக்குங்க."

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை..."

"ஏன், நான் சொன்னா ஏறாதா?"

மேஸ்திரி தயங்கினார். அப்புறம் கையைக் காட்டினார். சங்கிலி கடகடவென்று ஓடியது. கூடு தரையை விட்டு எழும்பி, ஆள் உயரம் தாண்டி, அதற்கும் மேலே போனது. தம்பியின் போன் அடித்தது. காதில் வைத்துக்கொண்டு, மறு காதைப் பொத்திக்கொண்டு, பேசிக்கொண்டே நடந்தவன் நேராக அந்தக் கூட்டுக்குக் கீழே போய் நின்றான்.

டீச்சர் படிக்கட்டிலிருந்து பார்த்தாள். கூடு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பட்டை ஒரு விரற்கடை வழுக்கியது. பிறகு இன்னொரு விரற்கடை.

மகாராஜாவும் பார்த்துவிட்டார். அவர் பட்டறையின் அந்தக் கோடியில், திருப்பி மாட்டிய சீட்டின் பக்கத்தில் இருந்தார். அவர் வாய் திறந்தது. டீச்சர் தன் காதைத் தயார் செய்துகொண்டாள். கிரைண்டர் சத்தத்தையும் தாண்டிச் சுவருக்கு அந்தப் பக்கத்துக் குழந்தைகளை எழுப்பிய குரல் அது. இப்போது வந்தால் போதும். இந்த ஒரு தடவை வந்தால் போதும்.

வாய் மூடியது.

அவர் ஓட ஆரம்பித்தார். வாயைத் திறக்காமல், கையை நீட்டிக்கொண்டு, தம்பியை நோக்கி, அந்தக் கூட்டுக்குக் கீழேயே ஓடினார்.

"டேய்!"

யார் கத்தியது என்று பட்டறையே திடுக்கிட்டது.

"நகருடா! டேய், தலைக்கு மேல விழுதுடா! ரெண்டு பேரும் நகருங்கடா!"

டீச்சர்தான். சேலையை வாரிப் பிடித்துக்கொண்டு, படிக்கட்டின் மேலே நின்று, வாழ்நாளெல்லாம் செலவழிக்காமல் சேர்த்து வைத்திருந்த குரலை ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். கிரைண்டர் அதன் முன் ஒன்றுமே இல்லை. தம்பி நிமிர்ந்து பார்த்தான். மகாராஜா அவன் மேல் போய் விழுந்தார். இரண்டு பேரும் உருண்டு ஒரு டயர் அடுக்கில் முட்டி நின்றார்கள்.

கூடு விழுந்தது. தரை அதிர்ந்தது. புழுதி அடங்கியபோது தம்பியின் போன் இருந்த இடத்தில் இரும்புச் சட்டம் ஒன்று நட்டுக்கொண்டு நின்றது.

  உயிர் போய்த் திரும்பி வந்த பிறகுதான், தான் என்ன வார்த்தை சொன்னோம் என்பது டீச்சருக்கு உறைத்தது. மகாராஜாவை 'டா' போட்டிருக்கிறாள், மொத்தப் பட்டறையின் முன்னால். பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

தங்கை அதற்குள் ஓடிப்போய் இரண்டு பேரின் தலையையும் தோளையும் தடவித் தடவிப் பார்த்தாள். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. அண்ணனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவ்வளவுதான். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அழுகை போய்க் கோபம் வந்தது அவளுக்கு.

"அண்ணா, வாயைத் திறந்தியே. நான் பார்த்தேன். ஏன் மூடின?"

அவர் விழுந்த கூட்டையே பார்த்தார்.

"சொல்லு. ஏன் மூடின?"

டீச்சர் முன்னால் வந்தாள். தொண்டை ரணமாக எரிந்தது. "என் தப்புங்க. கிட்டப் போய்த்தான் பேசணும்னு நான்தான் பழக்கினேன். அந்தப் பழக்கத்துல..."

அதை எல்லாரும் நம்பியிருப்பார்கள். மேஸ்திரி தலையை ஆட்டவே ஆரம்பித்துவிட்டார். தங்கையின் முகம்கூட இளகியது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கத்தாமலே மாதம் முடிந்தது. சாவி அவர் இடுப்பிலேயே இருக்கும். சொல்லுங்கள் சார், சொல்லிவிடுங்கள் என்று டீச்சர் மனசுக்குள் கெஞ்சினாள்.

மகாராஜா மெல்ல எழுந்து நின்றார்.

"டீச்சர் மேல போடாதீங்க. பழக்கம் எல்லாம் இல்ல." அவர் தங்கையைப் பார்த்தே பேசினார். "கத்தத்தான் வாயைத் திறந்தேன். நீ படியில உட்கார்ந்திருக்கறது கண்ணுல பட்டுது. சாவி ஞாபகம் வந்துது. ஒரு மூச்சு நேரம்தான். அப்புறம் ஓடினேன்."

"அந்த ஒரு மூச்சு நேரத்துல இவன் செத்திருப்பான் அண்ணா!"

"ஆமா."

தம்பி டயர் அடுக்கில் சாய்ந்தபடி, போன் இல்லாத கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

தங்கை அவன் பக்கம் திரும்பினாள். "நீ மட்டும் என்ன? ஒரு பட்டை போதும்னு யார் சொன்னது? மேஸ்திரி பொறுக்கச் சொன்னாரே!"

"அவனை விடு" என்றார் மகாராஜா. "அவன் தெரியாம செஞ்சான். நான் தெரிஞ்சு செஞ்சேன்."

இடுப்பு பெல்ட்டிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றினார். அது சுலபத்தில் கழலவில்லை. அத்தனை வருஷமாக அங்கேயே கிடந்து வளையம் இறுகியிருந்தது. குனிந்து, தம்பியின் கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் வைத்து மூடினார். அந்தக் கையை உடனே விட்டுவிடவில்லை.

"உனக்கு அடி ஒண்ணும் படலையே?" என்றார்.

தம்பி இல்லை என்று தலையாட்டினான். இத்தனை நாளும் எதற்காகத் தவம் கிடந்தானோ அது கைக்கு வந்துவிட்டது. ஆனால் சூடான பாத்திரத்தைப் பிடித்தவன் மாதிரி கையைத் தள்ளியே வைத்துக்கொண்டிருந்தான். சுற்றிலும் அத்தனை கண்கள். என்ன செய்வது என்று தெரியாமல் எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஒரே முதலாளியைப் போலச் செய்தான்.

"என்ன வேடிக்கை? போய் வேலையைப் பாருங்கடா!"

அண்ணன் குரலேதான். அச்சு அசல். ஆனால் ஒருவன் நகரவில்லை. மேஸ்திரி மகாராஜாவைப் பார்த்தார். வெல்டர்கள் மகாராஜாவைப் பார்த்தார்கள். தம்பியின் காதுமடல் சிவந்தது.

"போங்கப்பா" என்றார் மகாராஜா, பக்கத்தில் நிற்பவனுக்கு மட்டும் கேட்கிற குரலில். "அவன்தான் சொல்றான்ல? முதல்ல அந்தக் கூட்டை ஓரங்கட்டுங்க. ரெண்டு பட்டை போட்டு."

கூட்டம் கலைந்தது. தம்பி யாரையும் பார்க்காமல் ஆபீஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். தங்கை அந்தக் கதவையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தாள்.  இந்த வீட்டில் இனி யார் யாரோடு பேசுவார்கள் என்று அவளுக்கே தெரியவில்லை.

டீச்சர் வாசல் பக்கம் நடந்தாள். இனி இங்கே அவளுக்கு என்ன வேலை? கேட்டருகில் வரும்போது பின்னால் வந்து நின்றார் அவர்.

"டீச்சர்."

"மன்னிச்சிடுங்க சார். 'டா' சொல்லிட்டேன். என் வாயில இதுவரைக்கும்..." குரல் பாதியில் கம்மியது.

"இன்னொரு நொடி நீங்க மரியாதை பார்த்திருந்தா நாங்க ரெண்டு பேருமே இல்ல." முழங்கையில் ரத்தம் கசிவதைக்கூட அவர் கவனிக்கவில்லை. சொல்ல வந்ததை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாவி இல்லாத இடுப்பு என்னவோ போல இருந்தது. "நாளைலேர்ந்து எனக்கு வேலை இல்ல. பாடமாவது இருக்குமா?"

காலையில் அவர் விழுங்கிய கேள்வி இதுதானா? டீச்சருக்கு அழுகை வந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இந்த மனுஷன் ஒரு பொய் சொல்லியிருந்தால் மகாராஜாவாகவே வீட்டுக்குப் போயிருக்கலாம். அவள் வேண்டியதே அந்தப் பொய்யைத்தான். நல்லவேளை, அவர் சொல்லவில்லை. அந்த நிமிஷம்தான் அவள் மனசு மொத்தமாகச் சாய்ந்தது. அதை இனிமேல் தனக்குத்தானே மறைப்பதில் அர்த்தம் இல்லை.

"பாடம் முடிஞ்சுது சார்" என்றாள், கரகரத்த குரலில். "உங்களுக்குச் சொல்லித்தர என்கிட்ட ஒண்ணும் இல்ல."

அவர் முகம் விழுந்துவிட்டது. "சரிங்க" என்றார்.

டீச்சர் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். இரண்டு அடி வைத்தாள். திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லாமல், எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"வேற எதுக்காவது வாங்க."

சொல்லிவிட்டு நிற்கவில்லை. பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டி விறுவிறுவென்று நடந்தாள். பின்னால் கேட் திறக்கிற சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே நடந்தாள்.

இன்னும் கேட்கவில்லை.